இருகால் தாங்கி

தமிழ்நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் சிற்சில இடங்களிற் காணலாம். நெட்டுக்குத்தாக நட்ட கற்கள் இரண்டு. அவற்றின்மேல் குறுக்கே கிடத்திய கல் ஒன்று. அவ்வளவே அதன் அமைப்பு. கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது நம் முன்னோர் வழக்கம். தலைச்சுமையுடன் தனியே நடந்து வருபவர், பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும், பிறர் கைகொடுக்காமலே அதனை மீண்டும் தலைக்கு மாற்றிக்கொள்ளவும் ஏற்றபடி அதன் உயரம் அமைந்திருக்கும். அக்கல்லின் அருமையெல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு சாண் தாழ்ந்தால் குனிந்து தூக்க நேரும். ஒரு சாண் உயர்ந்தால் எட்டி ஏற்ற நேரும். இரண்டிலும் துணைக்கு ஆள் வேண்டும். துணைக்கு ஆள் இருப்பின் கல் எதற்கு?

நாங்கள் இங்கே எழுதப் புகுந்தது சுமைதாங்கியைப் பற்றி அன்று. துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்குவதற்கென்று கடையில் விற்கும் இருகால் தாங்கி ஒன்றை, தில்லியில் எங்கள் வீட்டுப் பால்கனியில் வைத்து அறுத்தும் அராவியும் எங்கள் மகளுக்கு ஏற்றவாறு திருத்தியமைத்த செய்தியையே எழுதுகிறோம். ஒரு குளிர்காலம் முழுவதும் நீடித்த அவ்வேலையின்போது அந்தக் கல்லின் நினைவு எங்களை விட்டு அகலவில்லை; ஆதலின் அதிலிருந்து தொடங்கினோம்.

எங்கள் மகளுக்கு வயது பதினைந்து. பிறக்கும் வேளையில் அவளுடைய இடத்தோளின் நரம்புப் பின்னல் இழுபட்டுக் காயமுற்றது. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகளுள் மேலுள்ளவை மட்டும் கெட்டன; கீழுள்ளவை தப்பின. அதனால் தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கி நிறுத்தவும் அக்கைக்கு வலுவில்லை. விரல்களும் உள்ளங்கைப் பிடியுமோ குறையின்றி இருக்கின்றன. பேனா மூடியைத் திறப்பாள்; பூ நன்றாகத் தொடுப்பாள். ஆனால் ஒரு செம்புத் தண்ணீரை அக்கையால் மார்பளவுக்கு உயர்த்த அவளால் ஆகாது.

பள்ளித்தோழி ஒருத்தியுடன் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றுக்குச் சென்றுவந்தவள், தானும் பழக வேண்டும் என்றாள். எத்தனையோ விளையாட்டுகள் இருக்க இது எதற்கு என்று கேட்டோம். அதற்கு அவள் சொன்ன விடை எங்கள் இருவர் வாயையும் அடைத்துவிட்டது. “அங்கே எல்லாரும் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொண்டு சுடுகிறார்கள், அம்மா. படுத்துவிட்டால் யாருடைய கை எப்படி என்று யாருக்கும் தெரியாது” என்றாள்.

தில்லியில் வாழும் தமிழர்க்குத் துக்ளகாபாத் என்றால் இடிந்த கோட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். அக்கோட்டைக்கு அணித்தாக, ஆரவல்லிப் பாறைகளுக்கிடையே, 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைக்கப்பெற்ற சுடுதளம் இருக்கிறது. ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவரும், 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி பெற்றவருமான பிகானேர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1951-இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் தொடங்கப்பெற்றபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் மக்களவையின் முதல் சபாநாயகராகிய மவ்லங்கர். அரசரும் சபாநாயகரும் வளர்த்த அந்த விளையாட்டு, பின்னர் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது. கோலாப்பூரைச் சேர்ந்த தேஜஸ்வினி சாவந்த் 2010-இல் மியூனிக் நகரில், 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியில் உலக வாகை சூடினார். 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடவர்க்கான அதே போட்டியில் ஜாய்தீப் கர்மாகர் 1.9 புள்ளி குறைவால் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். 2016-இல் ரியோவுடன் அப்போட்டி ஒலிம்பிக்கிலிருந்து தனிப்போட்டி என்ற நிலையை இழந்தது எனினும், சுடப் பழகும் பிள்ளைகள் இன்றும் பெரும்பாலும் படுத்த நிலையிலேயே முதற்பாடம் கற்கின்றனர்.

அதற்குக் காரணம் உண்டு. நிற்கும் உடல் ஆடும். கிடக்கும் உடல் ஆடாது. எனினும் படுத்தல் வேறு, படுத்துச் சுடுதல் வேறு. போட்டி விதிப்படி துப்பாக்கி எதன்மீதும் சாய்ந்திருத்தல் கூடாது. இட முழங்கை தரையில் ஊன்றி நிற்க, முன்கை தரைக்கு 30 பாகைக்குக் குறையாத சாய்வில் எழ, மேற்கையிலிருந்து வரும் தோல்வார் ஒன்று துப்பாக்கியின் முன்கட்டையை இழுத்துப் பிடிக்கும். தசை களைக்கும், எலும்பு களைக்காது. எனவே தசையைத் தளர்த்தி எலும்பின்மேலும் வாரின்மேலும் எடையை இறக்குவதே இக்கலையின் முதல் இரகசியம். இவ்வாறு அறுபது குண்டுகளை, 50 மீட்டருக்கு அப்பாலுள்ள 10.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நடுவட்டத்தை நோக்கி ஒருவர் சுட்டுமுடிக்க வேண்டும்.

இந்த விளக்கத்தைப் படித்த அன்பர்கள் எங்கள் இடர்ப்பாட்டை இந்நேரம் உணர்ந்திருப்பர். முழுப் பாரத்தையும் ஏற்பது இடக்கை. எங்கள் மகளுக்கு இல்லாதது அதுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளில் இதற்கு வழி வகுத்திருக்கிறார்கள். துப்பாக்கியின் எடையைக் கையால் தாங்க இயலாதவர்கள் எஸ்.எச்.2 என்னும் பிரிவில் அடங்குவர். அவர்களுக்கு வில்சுருள் பொருத்திய தாங்கி ஒன்று அனுமதிக்கப்படுகிறது. குண்டு நிரப்பித்தர உதவியாளர் ஒருவரும் உடனிருக்கலாம். ‘படுத்த நிலை’ என்று அப்போட்டிகளில் சொல்லப்படுவதும் மேசைமீது இரு முழங்கைகளையும் ஊன்றி அமர்ந்து சுடுவதேயாகும். எஸ்.எச்.1 பிரிவில் 2021-இல் டோக்கியோவில் தங்கம் வென்று, பாராலிம்பிக்கில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆன அவனி லேக்ராவின் படம் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் மேசையும் வகைப்பாட்டுச் சான்றும் பிற்பாடு. எங்கள் மகள் கேட்டது தரையில், அந்த வரிசையில், மற்றவர்களோடு ஓர் இடம்.

கழகத்தில் பயிற்சியளிப்பவர் கட்வால் மலைநாட்டைச் சேர்ந்தவர். படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லாரும் ‘உஸ்தாத்’ என்றே அழைப்பர். அவர் மகளின் கையைத் தொட்டுப் பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார். தம் இரு விரல்களைக் கொடுத்து இறுகப் பற்றச் சொன்னார். பிறகு எங்களை நோக்கி, “போட்டிக்கு உதவாது, பழகுவதற்கு இருகால் தாங்கி போதும். ஒன்று வாங்கி வாருங்கள்” என்று இந்தியில் கூறினார். படைகளில் இலகுவகை இயந்திரத் துப்பாக்கிகளின் குழலடியில் மடித்துவைக்கப்பட்டிருக்குமே, அவ்வகைக் கால்களின் சிறுவடிவம் அது. நகரக் கடையொன்றில் வாங்கினோம். துப்பாக்கியின் முன்கட்டையில் இறுக்கித் திருகும் பிடி ஒன்று. அதிலிருந்து கவைபோல் விரியும் உலோகக் கால்கள் இரண்டு. ஒவ்வொரு காலும் ஐந்து படிகளாக நீளும்.

எங்களில் ஒருவர் மத்திய பொதுப்பணித் துறையில் வரைவாளர். கல்லூரி நாளில் தேசிய மாணவர் படையில்.22 ரைபிளைப் படுத்துச் சுட்டவர். மற்றவர் பள்ளி ஆசிரியை. தையலிலும் கணக்கிலும் கை தேர்ந்தவர். இவ்விரு தகுதிகளே எங்கள் பட்டறையின் மூலதனம். துப்பாக்கி கழகத்தின் உடைமை. அது கழகத்தை விட்டு வெளியே வராது. ஆகவே அதன் நீளம், அகலம், எடை, எடை சமனாகும் இடம் ஆகியவற்றை அளந்துவந்து, தச்சரிடம் வாங்கிய பலகையில் ஒரு போலித் துப்பாக்கியை வெட்டினோம். மூன்று கிலோ எடை வருமாறு அதன் வயிற்றில் மணற்பை கட்டினோம். வீட்டு வேலையெல்லாம் இந்த மரத்துப்பாக்கியில். சோதனையெல்லாம் ஞாயிறுதோறும் கழகத்தின் 10 மீட்டர்ச் சுடுகூடத்தில்.

முதல் வேலை உயரம். தாங்கி உயரமாயின் படுத்திருப்பவர் கழுத்தை அண்ணாந்து தூக்க வேண்டும். தாழ்வாயின் கன்னத்தைக் கட்டையில் புதைத்து, மார்பைத் தரையில் அழுத்த வேண்டும். இரண்டிலும் சிறிது நேரத்தில் பிடரித் தசை நடுங்கும். அந்நடுக்கம் குழல்முனையில் பெரிதாகும். கடைத் தாங்கியின் ஐந்து படிகளும் வளர்ந்த ஆணின் தோளகலத்தை எண்ணிச் செய்யப்பட்டவை. ஆதலால் அளவுகோலை அப்புறம் வைத்துவிட்டு, மகளைப் பாயில் படுக்கச் சொன்னோம். கண்ணை மூடி, உடம்பைத் தளரவிட்டு, கன்னம் கட்டையில் தானாகப் படியும்வரை காத்திருந்து, பிறகு மரத்துப்பாக்கியின் அடியில் பழைய பாடநூல்களை ஒவ்வொன்றாக அடுக்கினோம். கண்ணைத் திறந்தபோது குறிமுள் சுவரில் ஒட்டிய கரும்புள்ளியை நோக்கி நின்ற அளவில் நிறுத்தினோம். நூல்களின் உயரம் 17 சென்டிமீட்டரும் சிறிது மிகையும். தாங்கியின் மிகத் தாழ்ந்த படிக்கும் இரண்டு விரற்கடை கீழே இருந்தது அது. கால்களின் அடிக்குழாயை இரம்பத்தால் அறுத்து, அராவி, துளையைக் கீழே மாற்றியிட்டோம். சுமைதாங்கியை நட்ட கொத்தன் எவரோ, ஊரிலுள்ள ஒருவரைத் தலைச்சுமையோடு நிற்கவைத்துத்தான் அளவெடுத்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றியது.

இரண்டாம் வேலை சாய்வு. கால்கள் அகல விரிந்தால் தாங்கி பக்கவாட்டில் அசையாது. துக்ளகாபாதில் கியாசுத்தீன் துக்ளக்கின் சமாதிச் சுவர்கள் அடிபருத்து உட்சாய்ந்து நிற்பதும் அக்கருத்துப் பற்றியே. ஆனால் அந்த அசையாமையே ஒரு கேட்டையும் தருகிறது. தரை சற்று மேடுபள்ளமாக இருப்பின் துப்பாக்கியும் அச்சாய்விலேயே நின்றுவிடும். சாய்ந்த துப்பாக்கி நேர்க்குறி பார்த்தாலும் நேராகச் சுடாது. இதனைக் கணக்கிட்டே காட்டலாம். வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் புறப்படும் ஈயக்குண்டு 10 மீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் தாழ்கிறது. அத்தாழ்வை ஈடுசெய்யவே குழல் சிறிது மேல்நோக்கிச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. துப்பாக்கி 5 பாகை பக்கம் சாய்ந்தால், மேல்நோக்கிய அத்திருத்தத்தில் ஒரு பங்கு பக்கத் திருத்தமாக மாறிவிடும். குண்டு ஒன்றரை மில்லிமீட்டர் விலகும். இலக்கில் வளையத்துக்கு வளையம் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். நடுப்புள்ளியின் குறுக்களவோ அரை மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் சிறிதன்று.

ஆகவே பிடிக்கும் கவைக்கும் நடுவே இருந்த தறையாணியை அகற்றி, மரையாணி ஒன்றை இட்டோம். இரு உலோகப் பரப்புகளுக்கும் இடையில் பழைய செருப்பின் தோலிலிருந்து வட்டமாக வெட்டிய வாஷர்கள் இரண்டைச் செருகினோம். மரையாணியை முழுதும் இறுக்காமல் முக்கால் அளவு இறுக்கினால், தோலின் உராய்வு துப்பாக்கியைத் தானே சாயவிடாது. கையால் திருத்தினால் இணங்கும். உலோகத்தோடு உலோகம் உராய்ந்தால் ஒன்று வழுக்கும், அல்லது சிக்கிக்கொள்ளும். தோல் அவ்விரண்டுக்கும் நடுவே நின்றது.

மூன்றாம் வேலை பாதம். கூடத்தின் மொசைக் தரையில் கால்கள் வழுக்கின. பாயில் வைத்தால் பாய் நெய்ச்சலில் மாட்டின. இதற்கு விடை தேடி நாங்கள் நெடுந்தூரம் செல்லவில்லை. முதியோர் ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பர்க் குமிழ் மருந்துக் கடையில் கிடைக்கிறது. இரண்டு வாங்கிப் பொருத்தினோம். மகளின் பாட்டனார் தம் கோலைத் திருப்பிப் பார்த்து, பேத்தியின் குமிழும் தம்முடையதும் ஒரே அளவுதான் என்று சொல்லி மகிழ்ந்தார்.

இவை மூன்றும் எளிய வேலைகள். நான்காவதுதான் எங்களைப் பல வாரங்கள் அலைக்கழித்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

உயரமும் சாய்வும் பாதமும் சரியான பின்பு, கடைக்காரர் தந்த பிடியையே முன்கட்டையில் இறுகத் திருகி, உஸ்தாத் தாமே படுத்து ஐந்து குண்டுகள் சுட்டார். குண்டுத் துளைகள் 31 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிதறியிருந்தன. தாங்கியை மொசைக்கிலிருந்து பாய்க்கு மாற்றினார்; துளைக்கூட்டம் முழுவதும் ஒரு விரற்கடை மேலே சென்றது. பிறகு அவர் ஒன்றும் பேசாமல் தாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, விரித்த உள்ளங்கையின்மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்தி, விரல்களை மூடாமலே ஐந்து குண்டுகள் சுட்டார். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்தில் மறையும் அளவுக்குள் அடங்கின. “ஸ்பிரிங் துப்பாக்கி, அதைப் பிடித்தால் அதற்குப் பிடிக்காது” என்ற பொருளில் இந்தியில் சொல்லிவிட்டு எழுந்தார்.

ஏன் என்பதை வீட்டுக்கு வந்து படம் வரைந்து புரிந்துகொண்டோம். வெடிமருந்துத் துப்பாக்கி சுட்டால் பின்னோக்கி உதைக்கும், அவ்வளவே. வில்சுருள் அமைந்த காற்றுத் துப்பாக்கியின் இயல்பு வேறு. விசையை அழுத்தியதும் அடக்கிவைத்த வில்சுருள் விரிந்து, கனத்த உந்துதண்டு ஒன்றை முன்னோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்விளைவாகத் துப்பாக்கி பின்னோக்கி நகர்கிறது. உந்துதண்டு உருளையின் முனையை நெருங்கும்போது, அழுந்திய காற்றில் மோதி நிற்கிறது; அப்போது துப்பாக்கி முன்னோக்கித் துள்ளுகிறது. இத்தனையும் ஏறக்குறைய வினாடியின் நூறில் ஒரு பங்கில் நிகழ்ந்துவிடுகின்றன. குண்டு குழலைவிட்டு நீங்குமுன்பே துப்பாக்கியின் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அந்த ஆட்டத்தைத் தடுக்க மனிதக் கையால் இயலாது. அது ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நிகழ்ந்தால் குண்டுகளும் ஒரே இடத்தில் விழும். இறுகிய பிடியோ, ரப்பர்ப் பாதம் தரையைக் கவ்வும் அளவுக்கேற்ப, ஒருமுறை ஒரு விதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் அவ்வாட்டத்தைத் திருப்பிவிடுகிறது. உள்ளங்கை எடையை மட்டும் ஏற்றுக்கொண்டு, போக்கைத் துப்பாக்கிக்கே விட்டுவிடுகிறது.

தாங்குதல் வேறு, பற்றுதல் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எங்களுக்கு எந்த நூலும் கூறியதில்லை. வாழைத்தோட்டத்தில், குலைதள்ளிய மரத்துக்கு இரண்டு மூங்கில்களைக் கத்தரிபோல் கவைத்து முட்டுக் கொடுப்பார்கள். அதுவும் இருகால் தாங்கியே. கைப்பழக்கமுள்ள தோட்டக்காரர் மரத்தை மூங்கிலோடு இறுக்கிக் கட்டமாட்டார்; காற்றில் மரம் அசைய இடம் விட்டே வைப்பார்.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சியது. துப்பாக்கியைத் தாங்கியோடு பிணைக்காவிடில் இரண்டே காலுள்ள தாங்கி தனித்து நில்லாது. முன்னோ பின்னோ சாய்ந்துவிடும். பிணைக்கவும் வேண்டும், பிணைக்கவும் கூடாது. பால்கனியில் இதைப் பற்றி நாங்கள் செய்த வாதங்களைக் கேட்ட அண்டைவீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தார், ஏதோ சொத்துத் தகராறு என்று எண்ணியிருக்கக் கூடும். ஈற்றில் தோன்றிய வழி இது. தேக்குத் துண்டொன்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தொட்டி போலக் குடைந்தோம். ஆர்மோனியம் பழுதுபார்க்கும் கடையிலிருந்து, கட்டைகளுக்கடியில் ஒட்டும் அழுத்தக் கம்பளித் துணியை வாங்கிவந்து அத்தொட்டியின் உட்புறம் முழுதும் ஒட்டினோம். கடைப்பிடியைத் துப்பாக்கியில் மாட்டுவதற்குப் பதிலாகத் தொட்டியின் அடியில் மாட்டினோம். துப்பாக்கியின் முன்கட்டை இப்போது அத்தொட்டியில் கிடக்கும். பாவாடைக்கு வைத்துத் தைக்கும் எலாஸ்டிக் நாடா ஒன்றை அதன்மேல் தளர்வாகச் சுற்றினோம். துப்பாக்கியின் எடையும் கம்பளியின் உராய்வும் தாங்கியை நிமிர்த்தி வைக்கின்றன. சுடும்போது துப்பாக்கி ஒரு சென்டிமீட்டர் அளவு முன்னும் பின்னும் தன் இச்சையாக வழுக்குகிறது. நாடா அதனைப் பழைய இடத்துக்கு மெல்லக் கொண்டுவருகிறது. தொட்டியின் விளிம்பு எங்கே படவேண்டுமோ, அங்கே முன்கட்டையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இட உஸ்தாத் இசைந்தார். அடுத்த ஞாயிறு ஐந்து குண்டுகள் 15 மில்லிமீட்டருக்குள் விழுந்தன. பாயிலும் மொசைக்கிலும் இடம் மாறவில்லை.

இனி இடக்கையைப் பற்றிக் கூறவேண்டும். தோல்வாரால் சுடுபவருக்கு இடக்கை முன்னால் இருக்கும். இருகால் தாங்கியால் சுடுபவருக்கு அங்கே வேலை இல்லை. முன்பாரத்தைக் கால்கள் ஏற்றுக்கொண்டன. அப்போது இடக்கையை மடக்கிப் பின்கட்டையின் அடியில், தோளுக்கருகே கொண்டுவந்து வைப்பார்கள். அங்கே ஒரு சிறு பை இருக்கும். பையைப் பிசைந்தால் பின்கட்டை மயிரிழை உயரும், குழல்முனை மயிரிழை தாழும். பிடியைத் தளர்த்தினால் முனை எழும். தோளுக்கு அங்கே வேலை இல்லை. முழங்கை தரையில் கிடக்கும். நுட்பமெல்லாம் விரல்களுக்கே. மகளின் வலக்கை தானே அவ்விடக்கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தது.

பையைத் தைத்தவர் ஆசிரியை. கால்சட்டைத் துணியில் ஒரு முழங்கை அளவு உறை. அரிசி நிரப்பியபோது மணிகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு இறுகின. கடுகு நிரப்பினோம்; உருண்டை மணிகள் நீர்போல் ஓடின. விரல் எவ்வளவு சொன்னதோ அவ்வளவே பை கேட்டது. எந்தக் கையால் ஆகாது என்று இத்தனை மரத்தையும் தோலையும் கம்பளியையும் தேடி அலைந்தோமோ, அந்தக் கைக்கே இவ்வேலை முழுவதிலும் நுண்ணிய பங்கு வாய்த்தது. இதனை நாங்கள் திட்டமிட்டுச் செய்தோம் என்று சொல்ல முடியாது. பாரத்தை இறக்கிய இடத்தில் அக்கை தன் திறமையைத் தானே காட்டிக்கொண்டது.

பாரம் முழுவதும் இறங்கிவிட்டதா என்றால், இல்லை. இவ்வகைத் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி வில்சுருளை அழுத்தி ஏற்ற வேண்டும். அதற்கு இரு கைகளின் முழுவலிமையும் தேவை. அதனை நாங்கள் செய்து, நிரப்பித் தொட்டியில் கிடத்துகிறோம். முதல் சில வாரங்கள் நிரப்பிய பின்பும் அவள் தோளருகே மண்டியிட்டு, துப்பாக்கி சாயாதபடி ஒரு விரலை முன்கட்டையின் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்போம். ஒருநாள் அவள் முகத்தைத் திருப்பாமலே, “அப்பா, விரலை எடுத்துவிடுங்கள். அம்மா, நீங்களும் கொஞ்சம் பின்னாலே போய் உட்காருங்கள்” என்றாள். அந்த விரல் தொட்டவை எல்லாம் ஒரு பக்கமாக விலகியிருப்பதை அவளே இலக்குத் தாளில் எண்ணிப் பார்த்திருக்கிறாள். நாங்கள் பின்சுவரை ஒட்டிய பெஞ்சுக்குச் சென்றோம். நிரப்ப வேண்டியபோது வலக்கையை உயர்த்துவாள். போய் நிரப்பிவிட்டுத் திரும்பிவிடுவோம்.

பிள்ளைக்கு ஒரு குறை இருந்தால் பெற்றோர் கை அதனருகிலேயே நின்றுவிடுகிறது. படி இறங்கும்போது, பேருந்தில் ஏறும்போது, தட்டை எடுக்கும்போது, கேளாமலே அக்கை நீளும். அந்த நீட்சியில் அன்பு உண்டு, அச்சமும் உண்டு. எங்கே தாங்குதல் முடிந்து பற்றுதல் தொடங்குகிறது என்பதைக் கை தானாக அறிவதில்லை. இலக்குத் தாள் அறிவித்தது. மில்லிமீட்டரில் அறிவித்ததனால் அதனோடு வாதாடவும் வழியில்லை.

வீட்டில் இத்தகைய வேலையை மேற்கொள்ள எண்ணும் அன்பர்களுக்கு இரண்டொரு சொற்கள். துப்பாக்கியைக் கழகத்திலேயே விட்டுவிட்டுத் தாங்கியை மட்டும் வீட்டுக்குக் கொணருங்கள். வில்சுருள் துப்பாக்கியைக் குண்டின்றி வெறுமனே சுட்டுப் பார்க்காதீர்கள்; காற்றுத் தடையின்றி உந்துதண்டு முனையில் மோதி உடைந்துவிடக்கூடும். ஈயக்குண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொடுங்கள். ஒரு வேளையில் ஒரே மாற்றத்தைச் செய்து, ஐந்து குண்டுகளேனும் சுட்டு, தாளில் தேதியிட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தாங்கியை அளவெடுப்பதற்கு முன் அதனைப் பயன்படுத்தப்போகிறவரைப் படுக்கச் சொல்லி, உடம்பு தளரும்வரை காத்திருங்கள். நம் கண் சொல்லும் உயரமும் அவர் உடம்பு சொல்லும் உயரமும் ஒன்றாக இருப்பது அரிது.

இவ்வாண்டு மகள் மேசையில் அமர்ந்து, வில்சுருள் தாங்கியில், அழுத்தக் காற்றுத் துப்பாக்கியால் பழகத் தொடங்கியிருக்கிறாள். அவ்வகைத் துப்பாக்கியில் முன்னும் பின்னும் துள்ளும் உந்துதண்டு இல்லை; குழலை மடக்கி ஏற்றும் உழைப்பும் இல்லை. அங்கே கற்கவேண்டியவை வேறு. வகைப்பாட்டுக்கான மருத்துவத் தாள்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பயிற்சி முடிந்தபின் அரைமணி நேரம் பழைய வரிசைக்குச் சென்று, தேக்குத் தொட்டியையும் கடுகுப் பையையும் விரித்துக்கொண்டு தரையில் படுத்துவிடுகிறாள். சென்ற மாதம் கையெலும்பு முறிந்து மாவுக்கட்டுடன் வந்த ஒரு சிறுவன், அந்தத் தாங்கியைக் கொஞ்ச நாள் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டான். கொடுத்தாள். கொடுக்குமுன் அவனைப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, அடியில் வைப்பதற்கு எங்களிடம் இரண்டு புத்தகங்கள் கேட்டாள்.